கால்பந்தின் கதை – 14: பதின்மூன்று கோல்களும் ஒரு சங்கமும்

சென்ற வாரம் 1954 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில், பெர்ன் நகரத்து மழையில் ஹங்கேரி தோற்று நின்ற இடத்தில் நிறுத்தியிருந்தோம். கோப்பை மேற்கு ஜெர்மனிக்குப் போயிற்று. கோல் கணக்கு மட்டும் ஹங்கேரியின் ஷாண்டோர் கோச்சிஷ் பெயரில் நின்றது: ஐந்தே ஆட்டங்களில் 11 கோல். இதைத் தாண்ட ஒருவன் வருவதற்கு ஒரு தலைமுறையாவது ஆகும் என்றுதான் எவருக்கும் தோன்றியிருக்கும். நான்கே வருடத்தில் ஒருவர் தாண்டிவிட்டார். அதுவும் அணியில் நிச்சயமான இடம் இல்லாமல் போய், இரவல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு.

ஜூஸ்த் ஃபோந்தேன். 1958 ஸ்வீடன் உலகக்கோப்பையில் ஆறு ஆட்டங்களில் 13 கோல் அடித்த பிரெஞ்சுக்காரர். விளையாட்டு வினாடி வினாக்களுக்குப் பழக்கமான பெயர்தான். விடையைச் சொன்னதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். மனிதர் அந்த ஒற்றை எண்ணுக்கு அடியில் காணாமல் போய்விட்டார். அந்த 13 கோல்களையும் இங்கே சொல்லத்தான் போகிறேன். சொல்லாமல் விட்டால் வாசகர்கள் விடமாட்டீர்கள். ஆனால் என்னைக் கேட்டால், ஃபோந்தேன் செய்த பெரிய காரியத்துக்கும் கோல் கம்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது 1961 நவம்பரில் நடந்தது. அப்போது அவர் கால் இரண்டு தடவை முறிந்திருந்தது.

முதலில் பிறந்த ஊர். மொராக்கோ பிரான்ஸின் ஆதிக்கத்தில் இருந்த காலம் அது. 1933 ஆகஸ்ட் 18 அன்று மராகேஷ் நகரில் பிறந்தார் ஃபோந்தேன். அப்பா நார்மாண்டிக்காரர், அம்மா ஸ்பானியப் பெண். பள்ளிப் படிப்பும் முதல் கிளப்பும் காசாப்ளாங்காவில். 1953-ல் பிரான்ஸின் தென்கோடிக் கடற்கரையிலிருக்கும் நீஸ் அணி அவரைக் கப்பலேற்றி அழைத்துக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 17 அன்று, லக்ஸம்பர்க்கை எதிர்த்துத் தேசிய அணியில் முதல் வாய்ப்பு. பிரான்ஸ் 8-0 என்று வென்றது. இருபது வயதுப் பையன் ஹாட்ரிக் அடித்தான். இப்படித் தொடங்கியவனை அடுத்த ஆட்டத்துக்கும் கூப்பிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? ஏறக்குறைய மூன்று வருடம் திரும்பியே பார்க்கவில்லை. தேர்வுக் குழுக்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் காலமும் தேசமும் கிடையாது போலிருக்கிறது.

நீஸில் மூன்று பருவம் ஆடினார். 1954-ல் பிரெஞ்சுக் கோப்பை, 1956-ல் லீக் பட்டம். பிறகு வந்ததுதான் ரைம்ஸ்.

ஷாம்பெயின் மதுவுக்குப் பேர்போன அந்தச் சிறிய நகரம் அப்போது பிரெஞ்சுக் கால்பந்தின் தலைநகரம். பாரிஸ்கூட இரண்டாம் பட்சம்தான். 1956-ல் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 4-3 என்று மயிரிழையில் தோற்றது ரைம்ஸ். தோற்றதோடு போகவில்லை; அணியின் உயிரான ரேமோன் கோப்பாவையும் மாட்ரிட் வாங்கிக்கொண்டது. காலியான அந்த இடத்தை நிரப்பத்தான் ஃபோந்தேனை அழைத்தார்கள்.

இருவரும் ஒரே வார்ப்பு இல்லை. கோப்பா போலந்துச் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு விரலைப் பறிகொடுத்தவர். பந்து காலில் வந்துவிட்டால் நாலு பேரை ஆட்டம் காட்டிவிட்டுத்தான் விடுவார். ஃபோந்தேனுக்கு அந்த ஜாலம் எல்லாம் வராது. பந்தைத் தன் காலில் வைத்துக்கொள்வதிலேயே அவருக்குப் பெரிய ஆசை கிடையாது. பந்து எங்கே வந்து விழும் என்று கணித்து, தடுப்பாளருக்கு அரை நொடி முன்னால் அங்கே நிற்பார். வலது காலோ இடது காலோ தலையோ, எது கிட்டத்தில் இருக்கிறதோ அதனால் அடிப்பார். மைதானத்தில் தொண்ணூறு நிமிடத்தில் எண்பது நிமிடம் அவரைக் கவனிக்காமல் இருந்துவிடலாம். மிச்சப் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். பார்க்க அழகான ஆட்டக்காரர்களைத்தான் நம் நினைவு வைத்துக்கொள்கிறது. ஃபோந்தேன் மாதிரி ஆட்களைக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்கிறது.

அந்தக் கணக்குப் புத்தகம் சொல்வது இது: பிரெஞ்சு முதல் டிவிஷனில் 200 ஆட்டங்கள், 160-க்கும் மேல் கோல்கள். தேசிய அணிக்கு 21 ஆட்டங்களில் 30. ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கோல் என்ற விகிதத்தில் சர்வதேசக் கால்பந்தை முடித்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

1957 டிசம்பரில் முழங்காலில் சவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை. பருவத்தின் நடுவில் இப்படியானால் எந்த ஸ்ட்ரைக்கரும் நொந்துபோவான். ஃபோந்தேன் பிப்ரவரியில் திரும்பி வந்தார். குளிர்காலம் முழுக்கச் சேற்றில் ஓடித் தேய்ந்துபோன மற்றவர்களுக்கு நடுவில் புதுக் காலோடு வந்து நின்றார். அந்தப் பருவத்தில் லீகில் மட்டும் 34 கோல். ரைம்ஸ் லீகையும் வென்றது, பிரெஞ்சுக் கோப்பையையும் வென்றது. ஸ்வீடன் போகும்போது அவர் கால் அப்படி இருந்ததற்கு அந்தக் கட்டாய ஓய்வும் ஒரு காரணம்.

ஆனாலும் பயணப் பட்டியலில் சென்டர் பார்வர்டு இடம் அவருடையது என்று உறுதியாகவில்லை. அதே ரைம்ஸ் அணித் தோழர் ரெனே ப்ளியார் போட்டியில் இருந்தார். உலகக்கோப்பை தொடங்கும் முன்பே ப்ளியாருக்குக் கணுக்காலில் அடிபட்டது, ஊர் திரும்பிவிட்டார். இடம் ஃபோந்தேனுக்கு வந்தது.

அந்த அணியில் இன்னும் சில இடங்களும் காலியாகியிருந்தன. அதற்குக் காயம் காரணமில்லை. அல்ஜீரிய விடுதலைப் போர் உச்சத்தில் இருந்த நேரம். 1958 ஏப்ரலில் பிரெஞ்சு லீகில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர்கள் ஒரு கூட்டமாக நாட்டைவிட்டு ரகசியமாக வெளியேறி, துனிஸ் நகரில் விடுதலை முன்னணியின் கொடியின் கீழ் ஓர் அணியாகச் சேர்ந்தார்கள். அவர்களில் மொனாக்கோவின் தடுப்பாளர் முஸ்தஃபா ஸித்தூனியும் சேன்-எத்தியேனின் ரஷீத் மெக்லூஃபியும் பிரான்ஸின் உலகக்கோப்பை அணிக்காகக் கணக்கில் வைக்கப்பட்டிருந்தவர்கள். இவர்கள் கதை தனியாகச் சொல்ல வேண்டிய கதை, சொல்வேன். இப்போதைக்கு ஒன்று: ஸித்தூனி இருந்திருந்தால், பின்னால் வரப்போகும் பிரேசிலுடனான அரையிறுதி வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்று பிரான்ஸில் ரொம்ப நாள் பேசியிருப்பார்கள். பேசித்தானே ஆக வேண்டும்!

ஆக, எவருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லாத ஓர் அணி ஸ்வீடனின் காப்பர்பெரி என்ற சிற்றூரில் முகாமிட்டது. பயிற்சியாளர் ஆல்பெர் பத்தே. ரைம்ஸ் கிளப்பையும் அவர்தான் பயிற்றுவித்தார். மாட்ரிட்டிலிருந்து கோப்பா வந்து சேர்ந்தார். கோப்பாவுக்கும் ஃபோந்தேனுக்கும் ஒரே அறை. ஒருவர் மாட்ரிட்டுக்குப் போனதால் அந்த இடத்துக்கு வந்தவர் மற்றவர். கிளப்பில் சேர்ந்து ஆடியதே இல்லை. அறையிலும் பயிற்சித் திடலிலும் சில வாரங்கள் சேர்ந்து இருந்ததிலேயே ஒருவர் ஓட்டம் மற்றவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கோப்பா பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்குவார். எதிரணித் தடுப்பாளர்கள் அவரை நோக்கி இழுபடுவார்கள். முதுகுக்குப் பின்னால் திறக்கும் வெளியில் ஃபோந்தேன் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பார். இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் வைத்துப் புத்தகம் எழுதுகிறார்கள். பத்தேவின் ஆட்கள் சும்மா ஆடினார்கள்.

பயிற்சியின்போது ஃபோந்தேனின் பூட்ஸ் கிழிந்துவிட்டது. இன்றைய வீரரைப் போல நிறுவனம் அனுப்பிவைத்த பத்து ஜோடியெல்லாம் அன்று கிடையாது. அணியிலிருந்த மாற்று வீரர் ஸ்டெஃபான் ப்ரூவேக்கு அதே அளவுக் கால். அவருடைய பூட்ஸைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்குப் பின் நடந்ததெல்லாம் ப்ரூவேயின் பூட்ஸில் நடந்தது.

ஜூன் 8, நோர்ஷொப்பிங். பராகுவேயை 7-3 என்று தோற்கடித்தது பிரான்ஸ், ஃபோந்தேனுக்கு ஹாட்ரிக். ஜூன் 11, வெஸ்டெரோஸ். யூகோஸ்லாவியாவிடம் 3-2 தோல்வி. பிரான்ஸின் இரண்டும் அவருடையவை. ஜூன் 15, ஓரெப்ரோ. ஸ்காட்லாந்துக்கு எதிராக 2-1 வெற்றி. கோப்பா ஒன்று, அவர் ஒன்று. காலிறுதி மீண்டும் நோர்ஷொப்பிங்கில், வட அயர்லாந்துடன். பாவம், அவர்கள் இரண்டு நாளுக்கு முன்புதான் செக்கோஸ்லோவாக்கியாவுடன் கூடுதல் நேரம்வரை போய் வென்றுவிட்டு, அடிபட்ட கால்களோடு வந்திருந்தார்கள். 4-0. இரண்டு கோல் ஃபோந்தேன். நான்கு ஆட்டத்தில் எட்டு.

ஜூன் 24, ஸ்டாக்ஹோம் அருகே ரோசுண்டா மைதானம், அரையிறுதி. எதிரில் பிரேசில். இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குப் பெலே என்ற பதினேழு வயதுப் பையனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆட்டத்தைப் பெலேயின் ஹாட்ரிக் என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமாகாது. இரண்டாவது நிமிடத்திலேயே வாவா கோல் போட்டார். ஒன்பதாவது நிமிடத்தில் கோப்பா கொடுத்த பந்தை எடுத்து ஓடி, கோல்கீப்பர் ஜில்மரைத் தாண்டி ஃபோந்தேன் சமன் செய்தார். அதற்கு முன் நான்கு ஆட்டங்களில் பிரேசில் ஒரு கோல்கூட வாங்கியிருக்கவில்லை. ஆஸ்திரியா, இங்கிலாந்து, சோவியத் யூனியன், வேல்ஸ் என்று எவராலும் திறக்க முடியாத வலையை முதலில் திறந்தது ஃபோந்தேன்தான்.

1-1. ஆட்டம் சரிசமமாகப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தைந்து நிமிடம் ஆகிக்கொண்டிருந்தபோது வாவாவோடு மோதி பிரெஞ்சு கேப்டன் ரொபேர் ஷோங்கே கீழே விழுந்தார். கால் எலும்பு முறிவு. அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதி இல்லை. உலகக்கோப்பையில் அது 1970-ல்தான் வந்தது. தடுப்பு வரிசையின் தூணாக இருந்தவர் ஓரமாக நொண்டிக்கொண்டு நிற்க, பத்துப் பேரோடு பிரேசிலைத் தடுக்க முயன்றது பிரான்ஸ். 39-ஆவது நிமிடத்தில் தீதீ. இடைவேளைக்குப் பிறகு இருபத்து மூன்று நிமிடத்துக்குள் பெலே மூன்று. கடைசியில் பியாந்தோனி ஒன்றைத் திருப்பினார். 5-2. பிரேசில் அன்று வென்றிருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிரேசிலை எந்த அணியும் வென்றிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஸ்கோர் ஓர் எலும்பு முறிந்த பிறகு வந்த ஸ்கோர். அந்த எலும்பைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். இந்தக் கதையில் எலும்புகள் இன்னும் வரும்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஜூன் 28, கோதென்பர்க். பொதுவாக எவருக்கும் மனசு ஒட்டாத ஆட்டம் அது. ஃபோந்தேனிடம் ஒன்பது கோல். கோச்சிஷின் 11-ஐத் தொட இரண்டு, தாண்ட மூன்று. மேற்கு ஜெர்மனியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஹைன்ரிஷ் க்வியட்கோவ்ஸ்கி. இந்தப் பெயர் எங்கோ கேட்டது போல் இருந்தால் சென்ற வாரத்துக்குப் புரட்டிப் பாருங்கள்: 1954 முதல் சுற்றில் ஹங்கேரியிடம் எட்டு கோல் வாங்கியவர் இவரேதான். நான்கு வருடம் கழித்து மறுபடி உலகக்கோப்பையில் இறக்கினார்கள். ஃபோந்தேன் 16-ஆவது நிமிடத்தில் ஒன்று, 36-ல் ஒன்று, 78-ல் ஒன்று, 89-ல் ஒன்று. பிரான்ஸ் 6-3. நடுவில் ஒரு பெனால்டி கிடைத்தது. சாதனைக்காக ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அதை விட்டுக்கொடுத்திருக்கலாம். வழக்கப்படி கோப்பாவே அடித்தார். ஃபோந்தேன் கேட்டு வாங்கியிருந்தால் கணக்கு 14 ஆகியிருக்கும்.

தோழர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி தரும் வழக்கம் அன்று இல்லை. ஸ்வீடன் பத்திரிகை ஒன்று அவருக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி பரிசளித்தது. ப்ரூவேயின் பூட்ஸ் ப்ரூவேயிடம் திரும்பிப் போனது.

இந்த 13 எவ்வளவு பெரியது என்று விளங்க, பிறகு வந்தவர்களைப் பாருங்கள். அடுத்த 1962 உலகக்கோப்பையில் நான்கே கோல் அடித்து ஆறு பேர் முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1970-ல் கெர்ட் முல்லர் 10 வரை வந்தார். 1978 முதல் 1998 வரை ஒவ்வொரு உலகக்கோப்பையிலும் ஆறு கோல் போதுமாக இருந்தது. 2002-ல் ரொனால்டோ 8. கத்தாரில் 2022-ல் இறுதியாட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தும் எம்பாப்பே 8-ல் நின்றார். இதற்கு ஃபோந்தேனின் திறமை மட்டும் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. 1958-ல் 35 ஆட்டங்களில் 126 கோல் விழுந்தது. 1962-ல் 32 ஆட்டங்களில் 89. முன்னே நான்கைந்து பேரை வைத்து ஆடிய ஒரு காலம் முடிந்து, பின்னே பூட்டுப் போட்டு ஆடும் காலம் வந்துகொண்டிருந்தது. கதவு சாத்தப்படும் முன் உள்ளே புகுந்த கடைசி ஆள் ஃபோந்தேன்.

அடுத்த இரண்டு வருடமும் அவர் கால் ஓயவில்லை. 1958-59 ஐரோப்பியக் கோப்பையில் பத்து கோலோடு முதலிடம். ரைம்ஸ் மறுபடி இறுதியாட்டம் வந்தது, மறுபடி ரியல் மாட்ரிட், மறுபடி தோல்வி, ஷ்டுட்கார்ட்டில் 2-0. எதிரணியில் அன்று கோப்பாவும் இருந்தார். ஆட்டம் முடிந்த கோடையில் கோப்பா ரைம்ஸுக்கே திரும்பி வந்தார். ஸ்வீடனில் சில வாரங்கள் கிடைத்த ஜோடி இப்போது வாரா வாரம் கிடைக்கப்போகிறது! 1959 டிசம்பரில் ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பாரிஸ் அருகே கொலோம்ப் மைதானத்தில் இன்னொரு ஹாட்ரிக். வயது இருபத்தாறு.

1960 மார்ச் 20. சோஷோ அணியுடன் லீக் ஆட்டம். எதிரணி வீரருடன் மோதியதில் ஃபோந்தேனின் இடது காலில் இரண்டு எலும்பும் முறிந்தன. மாவுக்கட்டு, மாதக்கணக்கில் படுக்கை, பிறகு நடக்கப் பழகுவது. அந்த ஜூலையில் பாரிஸில் நடந்த முதல் ஐரோப்பிய நாடுகள் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸ் 4-2 என்று முன்னணியில் இருந்து, யூகோஸ்லாவியாவிடம் 5-4 என்று தோற்றது. கோப்பாவும் இல்லை, ஃபோந்தேனும் இல்லை. டிசம்பரில் திரும்பி வந்தார். பல்கேரியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் ஒரு தடவை ஆடினார். அதுவே கடைசி. 1961 ஜனவரி 1, புத்தாண்டு நாள், லிமோஷ் அணியுடன் ஆட்டம். அதே கால், மறுபடி முறிந்தது.

இங்கே கோல் கதையை நிறுத்தி, வேறொன்றைச் சொல்ல வேண்டும். அன்றைய பிரான்ஸில் தொழில்முறை ஆட்டக்காரன் ஒருவன் கையெழுத்திட்டால் அந்த ஒப்பந்தம் அவனுக்கு முப்பத்தைந்து வயது ஆகும்வரை அவனைக் கட்டிவைக்கும். இடையில் அவன் வேறு கிளப்புக்குப் போக நினைத்தால் முடியாது. கிளப் அவனை விற்க நினைத்தால் விற்கலாம். அவன் சம்மதம் ஒரு பொருட்டில்லை. சம்பளம் எவ்வளவு என்பதும் கிளப் சொல்வதுதான். முப்பத்தைந்து வயது என்பது அநேகமாக ஆடி முடிந்து ஓய்ந்துவிடும் வயது. ஆக, அவன் தன் காலின்மேல் உரிமை பெறும் நாளில் அந்தக் காலை வாங்க எவனும் இருக்கமாட்டான். கால் முறிந்தவனின் நிலை என்ன என்று கேட்க அந்த ஏற்பாட்டில் ஆளே இல்லை.

யூஜேன் நிஜோ லேயா என்ற கேமரூன்காரர் ஒருவர் இருந்தார். சேன்-எத்தியேனில் மெக்லூஃபியோடு ஜோடி சேர்ந்து 1957-ல் அந்தக் கிளப்புக்கு முதல் லீக் பட்டம் வாங்கித் தந்த ஸ்ட்ரைக்கர். கூடவே சட்டம் படித்தவர். பின்னாளில் தூதரகப் பணிக்குப் போனார். ஆட்டக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் வேண்டும் என்பது அவர் திட்டம். வழக்கறிஞர் ஜாக் பெர்த்ரான் துணை நின்றார். ஆனால் சங்கத்துக்கு ஒரு முகம் வேண்டும். கிளப் தலைவர்கள் மிரட்ட முடியாத, பத்திரிகைகள் ஒதுக்க முடியாத முகம். காலில் இரண்டு முறிவோடு, மறுபடி ஆடிவிட மாட்டோமா என்று முயன்றுகொண்டிருந்த ஃபோந்தேன் ஒப்புக்கொண்டார். கோப்பாவும் பக்கத்தில் நின்றார். 1961 நவம்பர் 16 அன்று தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் ஜூஸ்த் ஃபோந்தேன்.

புகழின் உச்சியில் இருக்கும் ஸ்ட்ரைக்கர்கள் இந்த மாதிரி வேலைக்கு வருவது அபூர்வம். அவர்களுக்கு அந்த அமைப்பால் பெரிய நஷ்டம் இல்லை, கேட்டது கிடைத்துவிடும். இரண்டாம் அணியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்காகத் தலைவர்களோடு சண்டை போடுவானேன்? ஃபோந்தேன் வந்தார். அவர் இழக்க இனி என்ன இருந்தது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் கால் முறிந்த பிரபலங்கள் உலகத்தில் ஆயிரம் பேர். அவர்களில் சங்கம் அமைத்தவர்கள் எத்தனை பேர்?

1962 ஜூலையில் ஓய்வை அறிவித்தார். இருபத்தொன்பது வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

சங்கம் அவரோடு ஓய்ந்துவிடவில்லை. 1963-ல் கோப்பா ஒரு பத்திரிகையில் ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று வெளிப்படையாகச் சொல்லி, தண்டனைக்கு ஆளானார். இங்கிலாந்தில் அதே காலத்தில் ஜார்ஜ் ஈஸ்தம் நீதிமன்றப் படியேறி, ஆளைப் பிடித்துவைக்கும் விதியை உடைத்திருந்தார். பிரான்ஸில் அது மெதுவாக நடந்தது. ரைம்ஸில் கோப்பாவோடு ஆடிய மிஷேல் இதால்கோவும் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். அவரைப் பின்னாளில் 1984-ல் ஐரோப்பியக் கோப்பை வென்ற பிரான்ஸின் பயிற்சியாளராக உலகம் அறியும். 1965-ல் பாரிஸில் பல நாட்டுச் சங்கங்கள் கூடி உலக அமைப்பான ஃபிஃப்ப்ரோவைத் தொடங்கியபோது பிரெஞ்சுச் சங்கம் அதன் நிறுவனர்களில் ஒன்று. 1969-ல் முப்பத்தைந்து வயதுக் கட்டு அறுந்தது. இத்தனை வருடத்துக்கு என்று காலம் குறித்த ஒப்பந்தம் வந்தது. கிளப்புகள் அதைத் திரும்பப் பறிக்கப் பார்த்தபோது 1972 டிசம்பரில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுவருடம் தொழில்முறைக் கால்பந்துக்கான உரிமைப் பட்டயம் எழுதப்பட்டது. இன்று பிரெஞ்சு லீகில் ஒப்பந்தம் முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு விருப்பப்பட்ட கிளப்புக்குப் போகும் ஒவ்வொரு பையனும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த 1961 நவம்பருக்குக் கடன்பட்டவன்.

பயிற்சியாளர் ஃபோந்தேனின் கதையை அதே ஆர்வத்தோடு சொல்ல என்னால் முடியவில்லை. 1967-ல், முப்பத்து மூன்று வயதில், தேசிய அணியை அவரிடம் கொடுத்தார்கள். ருமேனியாவிடம் 2-1, சோவியத் யூனியனிடம் 4-2. இரண்டே ஆட்டம், இரண்டும் நட்பு ஆட்டங்கள், இரண்டும் தோல்வி; அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆட்டத்தில் ஒரு பயிற்சியாளரை அளந்துவிட முடியும் என்று நினைத்தவர்களைப் பற்றி மேலே தேர்வுக் குழு விஷயத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லலாம்.

பாரிஸில் கொஞ்சம் நல்ல காலம் அமைந்தது. இன்று கோடிகள் புரளும் பாரிஸ் சேன்-ஜெர்மேன் கிளப் 1970-ல்தான் பிறந்தது; 1972-ல் இரண்டாகப் பிளந்து மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஆடை வடிவமைப்பாளர் தானியேல் எஷ்தேர் அதைக் கையிலெடுத்தார். 1973-ல் ஃபோந்தேன் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தார். மறுவருடம் முதல் டிவிஷனுக்கு ஏற வலென்சியேனோடு இரண்டு ஆட்டங்கள். அவர்கள் ஊரில் 2-1 தோல்வி. 1974 ஜூன் 4 அன்று பாரிஸில் 4-2 வெற்றி. மொத்தக் கணக்கில் ஒரே கோல் வித்தியாசம். எம்பாப்பேயும் மெஸ்ஸியும் நெய்மாரும் ஒரே சட்டையில் ஆடிய அந்த அணியைப் பெரிய மேடையில் மறுபடி ஏற்றிவிட்டவர்களில் ஒருவர் ஃபோந்தேன். அந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அதன்பின் துலூஸ், அதன்பின் பிறந்த மண். 1979 டிசம்பரில் மொராக்கோ சொந்த ஊரான காசாப்ளாங்காவில் அல்ஜீரியாவிடம் 5-1 என்று நொறுங்கியது. அப்படி நொறுங்கிய அணியை எடுத்து நிறுத்த அழைக்கப்பட்டவர் காசாப்ளாங்காவில் ஆட்டம் பழகிய ஃபோந்தேன். சில மாதத்தில் நைஜீரியாவில் நடந்த 1980 ஆப்பிரிக்கக் கோப்பையில் மொராக்கோ எகிப்தை வென்று மூன்றாம் இடம் பிடித்தது. ஆட்டக்காரராக உலகக்கோப்பையிலும் மூன்றாம் இடம், பயிற்சியாளராக ஆப்பிரிக்கக் கோப்பையிலும் மூன்றாம் இடம். 1982 உலகக்கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்றில் கேமரூனிடம் தோற்றதோடு அந்த வேலையும் முடிந்தது. பயிற்சித் தொழிலும் அதோடு சரி.

மீதி வாழ்க்கை துலூஸில். விளையாட்டுப் பொருள் கடை வைத்தார். நாலு வருடத்துக்கு ஒருமுறை, உலகக்கோப்பை நெருங்கும்போது, பத்திரிகைக்காரர்கள் தேடி வருவார்கள். 13-ஐ யாராவது உடைப்பார்களா என்று கேட்பார்கள். அவரும் சலிக்காமல் பதில் சொல்வார். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு 2004-ல் வந்த தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி ஒவ்வொரு நாட்டிடமும் அரை நூற்றாண்டின் சிறந்த வீரர் ஒருவரைச் சொல்லக் கேட்டது. பிரான்ஸில் பிளாத்தினி இருக்கிறார், ஸிதான் இருக்கிறார், கோப்பா இருக்கிறார். பிரெஞ்சுச் சம்மேளனம் ஃபோந்தேன் பெயரைக் கொடுத்தது. ஆட்டத் திறமையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸிதானுக்கு மேலே ஃபோந்தேனை வைக்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆனால் ஒரு காலத்தில் ஆட்டக்காரர்களின் கழுத்துக் கயிற்றைப் பிடித்திருந்த அதே வட்டாரத்துக்காரர்கள், அந்தக் கயிற்றை அறுத்த சங்கத்தின் முதல் தலைவரையே முன்னிறுத்த நேர்ந்ததில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

2022 டிசம்பர் 14 அன்று கத்தாரில் உலகக்கோப்பை அரையிறுதியில் பிரான்ஸும் மொராக்கோவும் மோதின. அரையிறுதியைத் தொட்ட முதல் ஆப்பிரிக்க அணி மொராக்கோ. பிரான்ஸ் 2-0 என்று வென்றது. இரு நாட்டு அணிகளுக்கும் பயிற்சியாளராக இருந்த, ஒன்றில் பிறந்து மற்றொன்றுக்காக ஆடிய மனிதருக்கு அப்போது எண்பத்தொன்பது வயது. இரண்டரை மாதம் கழித்து, 2023 மார்ச் 1 அன்று, துலூஸில் காலமானார்.

அடுத்த வாரம், ஸ்வீடனுக்குப் போகாதவர்களின் கதை. 1958 ஏப்ரலில் ரஷீத் மெக்லூஃபிக்கு இருபத்தொரு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தார். எல்லையைத் தாண்டிவிட்டால் அவர் வெறும் ஆட்டக்காரர் இல்லை, ராணுவத்திலிருந்து தப்பியோடியவர். அது தெரிந்தேதான் ஸ்விட்சர்லாந்து எல்லைக்குக் காரில் கிளம்பினார்.

(தொடரும்)